ரத்தம் கேட்கும் குரல்கள்

லண்டனில் தனக்கு மிகவும் பிடித்த சீன உணவகத்தைத் தேடி வந்து இறங்குகிறார் டாக்டர். அண்டத்தின் எந்த மூலைக்கும் எந்த நூற்றாண்டுக்கும் போகக்கூடிய வாகனம் கையில் இருந்தும், இரவுச் சாப்பாட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள பெர்மாண்ட்சி. கூட வந்திருப்பவர் ஈவ்லின் ஸ்மைத். ஐம்பது வயதைக் கடந்த வரலாற்றுப் பேராசிரியை, சாக்லேட் பிரியை, யார் தவறு செய்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். இருவரும் ஒருவரையொருவர் சீண்டியபடி பேசிக்கொள்கிறார்கள். ‘டாக்டர் ஹூ’ தொடரோடு பழகியவர்களுக்கு இந்தத் தொனி நன்றாகத் தெரியும். ஒரு விசித்திரம் நடக்கும், ஒரு துரத்தல் வரும், ஓர் அரக்கன் தோற்பான், கடைசியில் சிரித்த முகத்தோடு கப்பலில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள்.

‘ப்ராஜெக்ட்: ட்வைலைட்’ அப்படி முடிவதில்லை. 2001-ல் வெளிவந்த இந்த ஒலி நாடகத்தில், அந்தச் சீன உணவகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சூதாட்ட விடுதி இருக்கிறது. அதன் முதலாளி பகல் வெளிச்சத்தில் தலைகாட்டுவதே இல்லை. விடுதிக்கு அடியில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே புழங்குகிறவர்கள் ரத்தக்காட்டேரிகள். சுமார் இரண்டு மணி நேரம் கழித்து நாடகம் முடியும்போது, டாக்டர் காப்பாற்றியே ஆக வேண்டிய ஒரு பெண்ணை அவரால் காப்பாற்ற முடிந்திருக்காது. தலைப்பைப் பார்த்துவிட்டு ஸ்டெஃபனி மேயரின் காதல் நாவலோடு யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த நாவல் வெளிவந்தது 2005-ல். இங்கே காதலிக்கத் தகுந்த காட்டேரி ஒன்றுகூடக் கிடையாது.

1963 நவம்பர் 23-ம் தேதி பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’, சனிக்கிழமை மாலையில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. நீல நிற போலீஸ் பெட்டி, அதற்குள்ளே வெளித்தோற்றத்தைவிடப் பெரிய கப்பல், சாகும் நிலை வரும்போதெல்லாம் உருவம் மாறிப் புதிய நடிகராக எழுந்துவரும் நாயகன். குழந்தைகள் சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த தொடர் என்று பிரிட்டனில் இன்றும் சொல்வார்கள். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஓர் உத்தரவாதமும் இருந்தது: டாக்டர் வந்துவிட்டார், இனி யாருக்கும் ஆபத்தில்லை.

அந்த உத்தரவாதத்தைத்தான் கேவன் ஸ்காட், மார்க் ரைட் என்ற இரட்டை எழுத்தாளர்கள் இந்த நாடகத்தில் பறித்துக்கொள்கிறார்கள். ரத்தம், பிணம், இருட்டு எல்லாம் இதில் தாராளமாக உண்டு. ஆனால் கேட்டு முடித்த பிறகும் நம்மை விடாமல் தொந்தரவு செய்வது அவை அல்ல. நல்ல எண்ணத்தோடு டாக்டர் செய்த ஓர் உதவி, ஒரு மனுஷியின் வாழ்க்கையை அழித்துவிடுகிறது. அதற்கு அவர் கேட்கும் மன்னிப்பு எதற்கும் பயன்படுவதில்லை.

தொலைக்காட்சி கைவிட்டவர்

இந்த நாடகத்தின் டாக்டர் காலின் பேக்கர். 1984-ல் ஆறாவது டாக்டராக வந்தவர். அவருக்கு அமைந்த காலம் நல்லதாக இல்லை. கண்ணைக் கூசவைக்கும் பல வண்ண ஒட்டுக்கோட்டு ஒன்றை அணிவித்தார்கள். முதல் கதையிலேயே, உருவம் மாறிய குழப்பத்தில் தன்னோடு பயணம் செய்யும் பெண்ணின் கழுத்தை நெரிப்பதுபோலக் காட்சி எழுதினார்கள். தொடரில் வன்முறை அதிகம் என்ற புகார் வளர்ந்தது. 1985-ல் பதினெட்டு மாத இடைவெளி. 1986-ல் திரும்பி வந்து ஒரே ஒரு நீண்ட கதையை முடித்ததும் பி.பி.சி. அவரை நீக்கியது. அடுத்தவராக உருமாறும் காட்சியில் நடிக்க அவர் மறுத்துவிட, புதிதாக வந்த சில்வெஸ்டர் மெக்காய் தலையில் பேக்கரின் முடிபோல ஒரு விக்கை வைத்துப் படம்பிடித்தார்கள். எந்த நடிகருக்கும் நேரக்கூடாத வழியனுப்பு அது.

தொடரே 1989-ல் நின்றது. 1996-ல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்ததைத் தவிர, 2005 வரை திரையில் டாக்டர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பிக் ஃபினிஷ் என்ற சிறிய நிறுவனம் பி.பி.சி.யிடம் உரிமம் வாங்கி, 1999 முதல் பழைய நடிகர்களையே அழைத்து ஒலி நாடகங்களைத் தயாரித்தது. இரண்டு சி.டி., நான்கு அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு திடுக்கிடல். ஞாயிறு மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இவை படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒலி அல்ல. காதுக்கென்றே எழுதி, ஸ்டுடியோவில் நடித்தவை.

காலின் பேக்கருக்கு இது மறுவாழ்வு. அந்தக் கோட்டு இங்கே யார் கண்ணிலும் படாது. மேடையில் பழகிய கனத்த குரல் மட்டும் மிஞ்சியது. 2000-ல் ‘தி மேரியன் கான்ஸ்பிரஸி’ நாடகத்தில் ஈவ்லினாக மேகி ஸ்டேபிள்ஸ் வந்து சேர்ந்ததும் அந்தக் குரலுக்கு ஒரு சரியான எதிர்க்குரலும் கிடைத்தது. பெருமை பேசும் டாக்டரை அதட்டி உட்காரவைக்க, இளம்பெண்ணைவிட வாழ்ந்து பார்த்த ஒரு பேராசிரியையே பொருத்தம் என்று கண்டுகொண்டவர்களைப் பாராட்ட வேண்டும். தொடரின் முழு வரலாற்றிலும் டாக்டருக்கு வாய்த்த மிகச் சிறந்த துணை ஈவ்லின் என்பது என் திடமான கருத்து.

2001-ல் இவர்கள் செய்ததைப் பாருங்கள். ‘ட்வைலைட்’டுக்கு முந்தைய மாதம் டார்வினைச் சந்திக்கும் சாகசக் கதை. அதே ஆண்டு டிசம்பரில் ‘தி ஒன் டாக்டர்’ என்ற முழுநீள நகைச்சுவை. அதில் ஒரு மோசடிக்காரன் தன்னையே டாக்டர் என்று சொல்லிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறான். இரண்டுக்கும் நடுவில் பெர்மாண்ட்சியின் ரத்தக்காட்டேரிகள். எல்லாவற்றிலும் டாக்டர் ஒரே நடிகர்தான்.

காட்டேரிக்கு ஒரு வம்சம்

இந்தத் தொடரில் ரத்தக்காட்டேரி புதிது அல்ல. 1977-லேயே டெரன்ஸ் டிக்ஸ் ஒரு காட்டேரிக் கதை எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு பி.பி.சி. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவைப் பெரிய செலவில் எடுத்துக்கொண்டிருந்தது. தீவிரமான டிராகுலா ஒளிபரப்பாகும் நேரத்தில் அறிவியல் புனைவுத் தொடரில் இன்னொரு காட்டேரி வந்தால் கேலிபோலத் தோன்றும் என்று மேலிடம் தடுத்துவிட்டது. கதை மூன்று ஆண்டுகள் காத்திருந்து 1980-ல் ‘ஸ்டேட் ஆஃப் டிகே’ என்ற பெயரில் வெளிவந்தது. டாக்டரின் இனமான காலப் பிரபுக்கள், ஆதியில் மாபெரும் காட்டேரிகளோடு போர் நடத்தினார்கள் என்ற புராணம் அதில்தான் பிறந்தது. அந்தக் கதையின் முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். காட்டேரியின் நெஞ்சில் கூரிய கழியை இறக்க வேண்டும் என்ற பழைய விதிக்கு, ஒரு விண்கலத்தையே மேலே ஏவி நெஞ்சில் பாய்ச்சுகிறார் டாக்டர்.

1989-ல் வந்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்’ இன்னும் ஆழம் போனது. அதில் காட்டேரிகள், மாசு நிறைந்த எதிர்காலத்தில் மனிதரே மாறிப்போன உருவங்கள். அவற்றைத் தடுத்து நிறுத்துவது சிலுவை அல்ல, ஏந்துபவரின் நம்பிக்கை. சோவியத் ராணுவ அதிகாரி தன் சிவப்பு நட்சத்திரத்தை நீட்டுகிறார், காட்டேரிகள் பின்வாங்குகின்றன. நம்பிக்கை இழந்த பாதிரியார் பைபிளோடு நின்றும் இறந்துபோகிறார்.

ஸ்காட்டும் ரைட்டும் இந்த வம்சத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கோட்டை, கிராமம், கடற்கரைத் தேவாலயம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தென்கிழக்கு லண்டனின் குண்டர் உலகத்துக்குள் காட்டேரியைக் கொண்டுவந்தார்கள். விடுதியின் பெயர் ‘டஸ்க்’, அதாவது அந்தி. அதன் முதலாளி ரெஜி மீட். ரெஜி என்ற பெயரைக் கேட்டதும் 1960-களில் லண்டனை மிரட்டிய கிரே சகோதரர்களில் ஒருவர் அந்த ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவார். அவர்களும் சூதாட்ட விடுதி நடத்தியவர்கள்தான். ரெஜியோடு இருப்பவள் அமீலியா டூரி. அவன் கத்துகிறவன், அவள் கத்தாதவள். ரெஜியின் கூச்சல் சில இடங்களில் அளவு மீறிப்போவது உண்மை. அமீலியாவின் பணிவான, படித்த குரல்தான் இதில் உண்மையான பயங்கரம்.

பட்டறையில் செய்த பிறவிகள்

கதையின் முடிச்சுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. முதலில் நாடகத்தைக் கேட்டுவிட்டு வர விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் காட்டேரிகள் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர்கள் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டனின் ‘ஃபோர்ஜ்’ என்ற ரகசிய அமைப்பு, போரில் சாகாத வீரர்களை உருவாக்க நினைத்து மனிதர்களுக்குள் காட்டேரியின் மரபுப்பொருளைச் செலுத்தியது. அந்தச் சோதனையில் மிஞ்சியவர்கள்தான் ரெஜியும் அமீலியாவும். அவர்களைத் தேடித் தேடிக் கொல்பவன் நிம்ராட். ஒருகாலத்தில் அவன்தான் அந்தச் சோதனையை நடத்திய மருத்துவன் வில்லியம் அபர்ட்டன். தன் படைப்புகளே தன்னைத் தாக்கியபோது, உயிர் பிழைக்க அதே மருந்தைத் தனக்கும் ஏற்றிக்கொண்டவன்.

நிஜ வரலாற்றின் நிழல் இதன்மேல் விழுவதாகவே எனக்குப் படுகிறது. அதே முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், பிரிட்டன் வில்ட்ஷர் மாவட்டத்தில் போர்ட்டன் டவுன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. விஷவாயுப் போருக்கான ஆராய்ச்சி நிலையம் அது. பல பத்தாண்டுகள் அங்கே ராணுவத்தினர் மீது சோதனைகள் நடந்தன. ஜலதோஷத்துக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி என்று நம்பிப் போனதாகப் பின்னாளில் சிலர் சொன்னார்கள். 1953-ல் ரொனால்ட் மேடிசன் என்ற 20 வயது விமானப்படை வீரர், கையில் சாரின் என்ற நரம்பு விஷம் சொட்டுச் சொட்டாக வைக்கப்பட்டு இறந்தார். அது சட்டவிரோதக் கொலை என்று விசாரணையில் தீர்ப்பு வந்தது 2004-ல், அதாவது ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து. ‘ஃபோர்ஜ்’ கற்பனை அமைப்புதான். தன் சொந்தப் பிள்ளைகளையே எலிகளாக்கும் அரசு கற்பனை இல்லை.

இதனால்தான் இந்த நாடகத்தில் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறோம். காட்டேரிகள் கொலைகாரர்கள், ஆனால் ஏமாற்றப்பட்டவர்கள். வேட்டைக்காரன் மனிதர்களைக் காப்பதாகச் சொல்கிறான், ஆனால் எல்லாப் பாவத்துக்கும் மூலம் அவன்தான். அமீலியா டாக்டரிடம் கேட்பது ஒரே உதவி: தங்களை மறுபடி மனிதர்களாக்கும் மருந்து. டாக்டருக்கு வேறென்ன வேண்டும்? நோயாளி கேட்கிறாள், விஞ்ஞானம் கையில் இருக்கிறது, தன்னைவிடப் புத்திசாலி இந்தக் கிரகத்தில் இல்லை என்ற நினைப்பும் இருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்கிறார். அமீலியா சொன்னது பொய். அவள் உருவாக்க நினைத்தது மனிதரைக் காட்டேரியாக்கும் கிருமி. அதை முடிக்க அவளுக்கு இல்லாத அறிவை டாக்டரே கொடுத்துவிடுகிறார்.

அந்தக் கிருமி கேசி என்ற இளம்பெண்ணுக்குள் போகிறது. சூதாட்ட விடுதியில் வேலை பார்ப்பவள். சின்னஞ்சிறு மகனைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பலாம் என்று லண்டனுக்கு வந்தவள். ரோஸி கவலியெரோ இவளை நடித்திருக்கும் விதத்தில் அழுகையைவிட எரிச்சலும் அலுப்பும் கிண்டலும்தான் அதிகம். வாழ்க்கையில் யாரிடமும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காத பெண்ணின் குரல் அது. ஈவ்லினிடம் மட்டும் மகனைப் பற்றி மனம் திறக்கிறாள். கேசியை மனுஷியாக்கும் மருந்து டாக்டரிடம் இல்லை. யாரையும் கடிக்காமல் இருக்க நார்வேயில் ஆள் அரவமற்ற ஓரிடத்தில் அவளை விட்டுவிட்டு, மருந்தோடு வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு முன்னால் அவளைத் தேடி வந்து சேர்வது நிம்ராட். நாடகம் அங்கே முடிகிறது.

திரை இல்லாத பயம்

இதே கதையை 1985-ல் தொலைக்காட்சியில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடுத்திருக்கவே மாட்டார்கள் என்பது முதல் பதில். எடுத்திருந்தாலும் அன்றைய ‘டாக்டர் ஹூ’வின் செலவுக் கணக்கில் பிளாஸ்டிக் பல்லும் சிவப்புச் சாயமும்தான் கிடைத்திருக்கும். அந்தத் தொடரின் ரப்பர் அரக்கர்களும் ஆடும் சுவர்களும் உலகப் பிரசித்தம். பார்ப்பவர் பயந்துபோனால், அந்த ரப்பரைப் பார்த்துச் சிரித்துப் பயத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். ஒலியில் ரப்பர் தெரிவதில்லை. சிரித்துத் தப்பிக்கும் வழி அடைபட்டுப்போகிறது. அமீலியாவின் முகத்தை அவரவர் மனசுதான் வரைந்துகொள்கிறது. நாமே வரைந்த முகத்தைக் குறை சொல்ல நம்மால் முடியாது.

காட்டேரியும் வானொலியும் பழைய சிநேகிதர்கள். ஆர்சன் வெல்ஸ் 1938 ஜூலை 11-ம் தேதி தன் மெர்க்குரி நாடகக் குழுவின் வானொலித் தொடரைத் தொடங்கியது டிராகுலாவோடுதான். டிராகுலாவாகவும் அவனை எதிர்க்கும் மருத்துவர் சீவர்டாகவும் அவரே பேசினார். அதே ஆண்டு அக்டோபரில்தான் செவ்வாய்க்கிரகவாசிகள் வந்துவிட்டார்கள் என்று கேட்டவர்களைக் கலங்கடித்த அந்தப் புகழ்பெற்ற ஒலிபரப்பு. ஒரே குரல் கொலைகாரனாகவும் காப்பவனாகவும் இருக்க முடியும் என்று வெல்ஸுக்குத் தெரிந்திருந்தது.

ஒலி நாடகத்தில் பேசாதவர் அந்த அறையில் இல்லாதவர். இது இந்தக் கலையின் பலவீனம் என்பார்கள். காட்டேரிக் கதையில் அதுவே பலம். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக யார் நிற்கிறார்கள் என்பது அவர் வாயைத் திறக்கும்வரை நமக்குத் தெரியாது. இயக்குநர் கேரி ரஸல் காட்சிகளை அவசரப்படுத்தாமல் விட்டிருப்பதால், கேட்பவர் ஒவ்வொரு மௌனத்திலும் ஆள் இருக்கிறாரா என்று தேடத் தொடங்கிவிடுகிறார். ரத்தம் சம்பந்தப்பட்ட ஒலிகளில் நாடகம் சிக்கனம் பார்க்கவில்லை. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அமீலியா அமைதியாகப் பேசும் ஒரு நிமிடம் செய்கிற வேலையை அந்தச் சத்தங்கள் செய்வதில்லை. கேட்பவரை நம்பி அவற்றில் பாதியை விட்டிருக்கலாம்.

காலின் பேக்கர் இதில் குரலைத் தாழ்த்தும் இடங்கள் அபாரம். ஆறாவது டாக்டர் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், சொற்களை அடுக்கி அடுக்கி எதிரியை அமுக்குகிறவர். தான் எதற்கு உதவிவிட்டோம் என்று உணரும்போது அந்த அடுக்கு உதிர்ந்துபோகிறது. கர்வம் குறைவான வேறொரு டாக்டருக்கு இந்தக் கதையை எழுதியிருந்தால் இந்த அளவு வலித்திருக்காது.

பத்து ஆண்டு பாக்கி

வழக்கமாக ‘டாக்டர் ஹூ’ கதைகள் ஒவ்வொன்றும் தனித்தனி. போன வாரம் நடந்தது இந்த வாரம் நினைவிருக்காது. கேசியை மறக்க இந்த எழுத்தாளர்கள் விடவில்லை. 2003-ல் ‘ப்ராஜெக்ட்: லாசரஸ்’ வந்தது. டாக்டர் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டு நார்வேக்குத் திரும்பி வருகிறார். அதற்குள் கேசி, நிம்ராடின் கையாளாக, ஆர்ட்டெமிஸ் என்ற பெயரோடு ‘ஃபோர்ஜ்’ அமைப்பில் சேர்ந்திருக்கிறாள். நிம்ராட், ஆர்ட்டெமிஸ் இரண்டுமே புராண வேட்டைக்காரர்களின் பெயர்கள். மருந்து வந்தும் கேசி பிழைப்பதில்லை, நிம்ராடின் கையிலேயே சாகிறாள். ஈவ்லினின் துக்கம் கோபமாக மாறி டாக்டர்மேல் திரும்புகிறது. அடுத்து வரும் ‘அரேஞ்ச்மென்ட்ஸ் ஃபார் வார்’ நாடகத்தில் அவர் டாக்டரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று கேட்குமளவு போகிறது அது. ஒரு துணைக் கதாபாத்திரத்தின் மரணத்துக்காக, நாயகனின் மிக நெருங்கிய சிநேகிதி அவனை விசாரணைக் கூண்டில் ஏற்றுவது இந்தத் தொடரில் எளிதில் பார்க்கக் கிடைக்காதது.

‘ட்வைலைட்’டுக்கும் ‘லாசரஸு’க்கும் நடுவே ‘டாக்டர் ஹூ அண்ட் தி பைரட்ஸ்’ என்ற நாடகமும் வந்தது. அதிலே டாக்டர் ஓர் அத்தியாயம் முழுக்கப் பாட்டாகவே பாடுகிறார். காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கலாம். ஆனால் ஈவ்லின் அந்தக் கதையைச் சொல்வதே, துயரத்தில் மூழ்கியிருக்கும் ஒரு மாணவியை உயிரோடு வைத்திருக்கத்தான். பெர்மாண்ட்சிக்குப் போய்வந்த தொடர், பழைய மாதிரி வெறுமனே சிரிக்க விரும்பவில்லை.

கேசியின் மகன் டாமி என்ன ஆனான்? 2004-ல் ‘தி ஹார்வெஸ்ட்’ நாடகத்தில் ஏழாவது டாக்டரோடு ஓர் இளம் மருத்துவமனைச் செவிலியர் சேர்கிறார். பெயர் தாமஸ் ஹெக்டர் ஸ்கோஃபீல்ட், எல்லோருக்கும் ஹெக்ஸ். பாட்டி வளர்த்த பிள்ளை. கலகலப்பானவன், நோயாளிகளிடம் பிரியமாக இருப்பவன். ‘ட்வைலைட்’டைக் கேட்டவர்களுக்குத் தெரிந்துவிட்ட ஒன்று அவனுக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின. 2010-ல் ‘ப்ராஜெக்ட்: டெஸ்டினி’ நாடகத்தில் நிம்ராட் மறுபடி வருகிறான். தன் அம்மா எப்படி வாழ்ந்தாள், என்னவாக மாறினாள், யார் கையில் செத்தாள் என்று ஹெக்ஸ் அறிந்துகொள்கிறான். அந்த உண்மை டாக்டருக்கு முன்னமே தெரியும் என்பதும் சேர்த்தே தெரியவருகிறது. நிம்ராடை வெறுப்பது அவனுக்குச் சுலபம். தான் நம்பி ஊர் ஊராகக் கூடவே வந்த மனிதரை என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஹெக்ஸாக பிலிப் ஒலிவியர் அந்தக் காட்சிகளில் நடித்திருப்பதைக் கேட்டுவிட்டு, உடனே ஒன்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்ச் சீன உணவகக் காட்சியை மறுபடி ஓடவிட்டால், டாக்டரும் ஈவ்லினும் சிரித்துப் பேசும் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்கிறது.

ரகசிய அரசு அமைப்பு, பிடித்துவைத்த வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம், நாட்டின் பெயரால் எதையும் செய்யும் அதிகாரிகள் என்ற இந்த வட்டத்தை 2006-ல் தொலைக்காட்சியும் ‘டார்ச்வுட்’ மூலம் எடுத்துக்கொண்டது. ஒலியில் இது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. ஆனால் அதைப் பெரிய தொலைக்காட்சி ரசிகர் கூட்டம் அறியவில்லை.

இப்போது இந்த நாடகங்கள் பிக் ஃபினிஷ் தளத்தில் தரவிறக்கக் கிடைக்கின்றன. ‘டாக்டர் ஹூ’வைப் பார்த்தே இராதவர்கள் நேரே ‘ட்வைலைட்’டில் இறங்க வேண்டாம். ‘தி மேரியன் கான்ஸ்பிரஸி’யில் ஈவ்லினைச் சந்தித்து, இந்த இருவரோடு சேர்ந்து இரண்டு மூன்று நாடகங்களில் சிரித்துவிட்டு வாருங்கள். அந்தச் சிரிப்பு சேர்ந்திருந்தால்தான் பெர்மாண்ட்சியில் இழப்பதற்கு உங்களிடமும் ஏதாவது இருக்கும். ‘லாசரஸ்’ முடிந்த கையோடு ‘அரேஞ்ச்மென்ட்ஸ் ஃபார் வார்’ நாடகத்தையும் கேட்டுவிடுங்கள். நடுவில் ஒரு வாரம் விட்டால், ஈவ்லினின் கோபத்தை டாக்டர் கடக்கும் தூரம் குறைவாகத் தோன்றிவிடும். மேகி ஸ்டேபிள்ஸ் 2014-ல் மறைந்தார். அவருடைய நடிப்பின் உச்சம் அந்த இரண்டு நாடகங்களில் இருக்கிறது.